ஒட்டுத்துணி ஆடையில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் காணும் முறை

பழைய பட்டுப்புடவையின் முந்தி, வெளுத்த ஜீன்ஸ், தையற்கடையில் மிஞ்சிய ரவிக்கைத் துண்டுகள், இன்னும் நைந்துபோகாத லுங்கி என்று கிடைப்பவற்றைச் சேர்த்து ஒரு குர்த்தியோ கையில்லாத மேல்சட்டையோ தைப்பவர்களுக்கு, ஒரே தானில் வெட்டித் தைப்பவர்கள் பார்த்திராத கோளாறுகள் வரும். ஒரே தானில் வெட்டிய துண்டுகள் ஒரே அளவு சுருங்கும், ஒரே அளவு இழுபடும், ஒரே சூட்டைத் தாங்கும். ஒட்டுத்துணியிலோ அடுத்தடுத்து நிற்கும் இரண்டு துண்டுகளுக்கு வயதும் வேறு, எடையும் வேறு, சலவையில் நடந்துகொள்ளும் விதமும் வேறு. கோளாறு கண்ணுக்குத் தெரிவது தையல் கோட்டில் என்பதால் பலரும் உடனே மெஷினைக் குறை சொல்லி, நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மெஷினில் இல்லை, துணியில் இருக்கிறது.

ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். கோளாறு தையல் கோட்டின் இரு புறமும் சமமாக இருக்கிறதா, ஒரு புறம் மட்டும் இருக்கிறதா? சமமாக இருந்தால் நூல், ஊசி, மெஷின் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஒரு புறம் மட்டும் இருந்தால் அந்தப் புறத்துத் துணியைச் சந்தேகிக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே ஏறக்குறைய இந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவைதாம்.

தையல் கோடு நெளிந்து சுருங்குகிறது

தைத்து முடித்ததும் தெரியும் சுருக்கத்தையும் முதல் சலவைக்குப் பிறகு தெரியும் சுருக்கத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

தைத்ததும் தெரிகிறது, இரு புறமும் சமமாகவும் இருக்கிறது என்றால், மேல்நூலின் இறுக்கம் அதிகம். பாலியெஸ்டர் நூல் இறுக்கத்தில் சற்று நீண்டபடியே தையலுக்குள் போய்விட்டு, பிறகு தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பும்போது துணியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மெஷினிலிருந்து எடுக்கும்போது ஒழுங்காக இருந்த தையல் மறுநாள் நெளிந்து நிற்பதற்கு இதுவே காரணம். இறுக்கத்தைக் குறைத்து, தையல் நீளத்தை 2.5 மி.மீ. ஆக வைத்து, அதே இரண்டு துணிகளின் வெட்டுத்துண்டுகளில் தைத்துப் பார்க்க வேண்டும். தனிப் பருத்தித் துண்டில் பார்த்துச் சரிசெய்த இறுக்கம், பருத்தியும் பட்டும் சேரும் இடத்துக்குப் பொருந்தாது. மெல்லிய பட்டுக்கு 9 அல்லது 11 ஆம் எண் ஊசி போதும். ஜீன்ஸுக்குப் போட்ட 16 ஆம் எண் ஊசியை மாற்றாமல் பட்டுக்கு வந்தால் ஒவ்வொரு குத்திலும் இழைகள் ஒதுங்கி, இறுக்கம் எவ்வளவு குறைத்தாலும் நெளிவு போகாது.

ஒரு புறம் மட்டும் சுருக்கம் இருந்தால் கதை வேறு. மெஷினின் பல் கீழ்த்துணியை மட்டுமே பிடித்து நகர்த்துகிறது. மேல்துணி பாதத்தின் அடியில் சற்றுப் பின்தங்குகிறது. சம நீளத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளைத் தைத்து முடிக்கையில் மேல்துண்டு மட்டும் நுனியில் மிஞ்சி நிற்பது இதனால்தான். இதை நம் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்: இழுபடும் துணியைக் கீழேயும், இழுபடாத துணியை மேலேயும் வைத்தால், பல்லே அந்த உபரியை உள்ளிழுத்துச் சமப்படுத்திவிடும். பனியன் துணியையும் பாப்ளினையும் இணைக்கும்போது பனியன் துணி கீழே இருக்க வேண்டும். வழுக்கும் பட்டாக இருந்தால் குண்டூசியை நம்பாமல் கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டு மெஷினுக்குப் போவது நல்லது. அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுப்பதும் உதவும். செய்தித்தாள் வேண்டாம், அச்சுமை ஒட்டும்.

சலவைக்குப் பிறகு வரும் சுருக்கம் எல்லாவற்றிலும் கடினமானது. இங்கே பலரும் தலைகீழாக எண்ணுகிறார்கள். பழைய துணியைப் பார்த்துப் பயந்து, புதுத் துண்டை நம்புகிறார்கள். பல ஆண்டுகள் துவைத்த லுங்கி சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். ஒருமுறையும் தண்ணீர் காணாத ரவிக்கைத் துண்டும், கைத்தறித் துண்டும், ரேயானுமே பின்னால் வேலையைக் காட்டும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியிலும் 20 செ.மீ. சதுரம் ஒன்றை நூலால் குறித்து, ஆடையை எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே துவைத்து, நிழலில் உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். சதுரம் 19.4 செ.மீ. ஆகியிருந்தால் 3 சதவீதச் சுருக்கம். காகிதத்தில் சிறிதாகத் தெரியும் இந்த எண், 40 செ.மீ. நீளமுள்ள ஒரு தையலில் 12 மி.மீ. ஆக வந்து நிற்கும். அளவு மாறாமல் நிற்கும்வரை மறுபடி மறுபடி நனைத்து உலர்த்திய பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

தைத்து முடித்த ஆடையில் இது வந்துவிட்டால், சுருங்கிய துண்டின் நான்கு தையலையும் பிரித்து, குறைந்த நீளத்துக்கு ஒரு பட்டியை இடையில் சேர்ப்பதே வழி. இஸ்திரி போட்டு இழுத்துச் சரிசெய்தால் அடுத்த சலவை வரை மட்டுமே நிற்கும்.

பழைய பட்டு தையலோரத்தில் பிரிகிறது

தையலோரத்தை வெளிச்சத்தில் பிடித்து, கைப்பேசிக் கேமராவால் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும். இழைகள் அறுபடாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி, ஏணிப்படி போன்ற இடைவெளி விழுந்திருந்தால் அது நழுவல். இழைகளின் நுனி அறுந்து பஞ்சாக நீட்டிக்கொண்டிருந்தால் அது நைவு. இரண்டுக்கும் மருந்து வேறு.

நழுவலில் துணி நன்றாகவே இருக்கிறது. தையலுக்கு விட்ட துணி போதவில்லை, அல்லது அந்த இடத்தில் ஆடை இறுக்கமாக இருக்கிறது. கால் அங்குலம் விட்டுத் தைப்பது ஒட்டுவேலை விரிப்புகளுக்கு வழக்கம். உடம்பில் போட்டு இழுபடும் ஆடைக்கு, அதுவும் பட்டுக்கு, அரை அங்குலமாவது விட வேண்டும். தையல் கோட்டின் அடியில் அரை அங்குல அகலமுள்ள மல் துணி நாடாவைச் சேர்த்துத் தைத்தால் இழுவிசையைப் பட்டுக்குப் பதில் நாடா வாங்கிக்கொள்ளும்.

நைவுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. நைந்த பட்டில் எவ்வளவு அகலம் விட்டுத் தைத்தாலும், தையலுக்கு அடுத்த இழையிலிருந்து கிழியும். வெட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து, பாவு (நீள இழை) திசையில் ஒருமுறையும் ஊடை (குறுக்கிழை) திசையில் ஒருமுறையும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய நொறுங்கும் ஒலி கேட்டால் அந்தப் பகுதியைத் தனியாகத் துண்டுபோடக் கூடாது. புடவையில் சோதிக்க வேண்டிய இடங்கள் தெரிந்தவையே: பீரோவில் ஆண்டுக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்ததால் வெடித்த மடிப்புக் கோடுகள், ஃபால்ஸ் தைத்துத் தைத்து ஊசித்துளை விழுந்த கீழ்க்கரை ஓரம், பட்டு ரவிக்கையாக இருந்தால் வியர்வை ஊறிய அக்குள். அக்குள் பகுதியை எடுத்து வைத்துவிடுவதுதான் சரி. வியர்வை பட்ட பட்டு, பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வலுவிழந்தே இருக்கும்.

நைந்தும் விட மனமில்லாத பகுதிகளுக்கு, மல் துணியை அடியில் விரித்து, இரண்டையும் சேர்த்து நெருக்கமான ஓட்டுத்தையல் போட்டு ஒரே துணியாக்கிவிடலாம். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் இணைக்கும் காந்தாவும், கர்நாடகத்து உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து முடிக்கும் கவந்திப் போர்வையும் இந்த அடிப்படையில் அமைந்தவையே: நலிந்த துணியின் பாரத்தை ஒரு நீண்ட கோடு தாங்காமல், நூற்றுக்கணக்கான சிறு தையல்கள் பகிர்ந்துகொள்கின்றன. அடித்துணியின் பாவும் மேல்துணியின் பாவும் ஒரே திசையில் ஓட வேண்டும்; இல்லாவிட்டால் சலவைக்குப் பிறகு துண்டு முறுக்கிக்கொள்ளும். இஸ்திரியால் ஒட்டும் கேன்வாஸ் விரைவான வழி என்றாலும், பட்டின் நெகிழ்வை அது கொன்றுவிடுகிறது என்பது என் கருத்து. காலருக்கும் பட்டன் பட்டிக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இப்படி அடித்துணி கொடுத்த பட்டுத் துண்டைக்கூட, கை சேரும் ஆர்ம்ஹோலிலும் முழங்கையிலும் உட்காரும் இடத்திலும் வைக்க வேண்டாம். மார்புக்கு மேல், கையின் கீழ்ப்பகுதி, பாவாடையின் கீழ்ச்சுற்று ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள்.

சாயம் பக்கத்துத் துண்டில் இறங்குகிறது

சாயம் இறங்கியதைப் பார்த்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆடையை உலரவிடாமல், நிறைய தண்ணீரில் உடனே மறுபடி அலச வேண்டும். உலர்ந்தால் கறை பிடிக்கும். அதன்மேல் இஸ்திரியும் போட்டால் அநேகமாக நிலைத்துவிடும். பட்டுத் துண்டு இருக்கும் ஆடையில் குளோரின் ப்ளீச்சைத் தொடவே கூடாது, அது பட்டு இழையையே அரித்துவிடும்.

முன்கூட்டித் தடுக்க, பலர் கல்லுப்பில் ஊறவைக்கிறார்கள். உப்பு சாயத்தொட்டியில் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ள உதவும் பொருள். ஏற்கெனவே சாயம் போட்ட துணியில் அது சாயத்தைப் பிடித்து வைக்காது. வினிகரும் பருத்திக்குப் பயன்படாது. இன்றைய பருத்தித் துணிகள் பலவற்றில் இழையோடு சேராமல் மிஞ்சிய சாயம்தான் முதலில் கழிகிறது. அதைத் தண்ணீர் தெளியும்வரை சூடான தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி வெளியேற்றிவிட்டால் போதும். எவ்வளவு அலசியும் தெளியாத துண்டுக்குக் கடையில் கிடைக்கும் சாயம் பிடிக்கும் திரவத்தைப் பயன்படுத்தலாம், அல்லது அதைக் கைப்பைக்கு ஒதுக்கிவிடலாம். சோதிப்பதற்கு, துணியின் ஒரு துண்டை வெள்ளைப் பாப்ளினோடும் வெள்ளைப் பட்டோடும் சேர்த்துத் தைத்து, சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். பருத்தியில் ஒட்டாத சாயம் பட்டில் ஒட்டுவது உண்டு என்பதால் இரண்டும் தேவை.

ஜீன்ஸின் நீலம் தனி ரகம். அவுரிச் சாயம் இழையின் உள்ளே போகாமல் மேற்பரப்பில் படிந்திருப்பதால், நனையாமலேயே, உரசலில் கூட அடுத்த துணிக்கு வரும். நன்றாக வெளுத்த பழைய ஜீன்ஸில் இந்தத் தொல்லை குறைவு. புது ஜீன்ஸின் வெட்டுத்துண்டை வெள்ளைக்கோ வெளிர் பட்டுக்கோ பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கீழ்ச்சுற்று ஏற்ற இறக்கமாகத் தொங்குகிறது

தைக்கும்போது சமமாக இருந்து, சில நாட்கள் கழித்து ஒரு பக்கம் இறங்கினால், கனமான துண்டு மெல்லிய துண்டின் கீழே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு உள்ளங்கை அகல ஜீன்ஸ் துண்டே அதன் மேலிருக்கும் மல் துணியை நாள்தோறும் இழுத்துக்கொண்டிருக்கும். கனமானவை தோளருகே, மெல்லியவை கீழே என்பதே பாதுகாப்பான அமைப்பு. கனமான துண்டு கீழேதான் வேண்டும் என்றால், தோளிலிருந்து கீழ்வரை நேர்நூலில் (பாவு இழையின் போக்கில்) வெட்டிய லைனிங் கொடுத்து, பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்ற வேண்டும்.

கனத்தில் வேறுபாடு இல்லாமலும் இறக்கம் வந்தால், ஏதோ ஒரு துண்டு கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டப்பட்டிருக்கும். கரையோ விளிம்போ இல்லாத துண்டில் நேர்நூலைக் கண்டுபிடிக்க ஓர் இழையை உருவிப் பார்ப்பதே நிச்சயமான வழி. சிறு துண்டுகளைக் கண்ணால் மட்டும் பார்த்து வெட்டுவதால் இந்தக் கோளாறு ஒட்டுவேலையில் அதிகம். எப்படியானாலும் கீழ்மடிப்பு தைப்பதற்கு முன் ஆடையை ஒரு நாள் முழுக்க ஹாங்கரில் தொங்கவிட்டு, இறங்க வேண்டியது இறங்கிய பிறகு, தரையிலிருந்து அளந்து குறித்து எம்மிங் போட வேண்டும்.

அளவு சரியாக வெட்டியும் ஆடை இறுக்கமாகிவிடுகிறது

இதைக் கணக்கே சொல்லிவிடும். முன்பக்கத்தின் குறுக்கே 10 துண்டுகள் இருந்தால் 9 தையல்கள். ஒவ்வொரு தையலிலும் குறித்ததைவிட 1 மி.மீ. தள்ளித் தைத்தால் இரு புறமும் சேர்த்து 2 மி.மீ. போகும், முன்பக்கத்தில் 18 மி.மீ., பின்பக்கமும் அப்படியே என்றால் மொத்தம் 36 மி.மீ. ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் சுற்றளவில் காணாமல் போய்விட்டது. தடித்த துணியில் தையலை மடித்து இஸ்திரி போடும் வளைவிலும் கொஞ்சம் போகும்.

ஆகையால் துண்டுகளை வெட்டு மாதிரியின் அளவுக்கு ஒவ்வொன்றாக வெட்டிச் சேர்க்காமல், முதலில் தேவைக்கு மேல் பெரிதாக ஒட்டுத்துணியைத் தைத்து, இஸ்திரி போட்டு, அதை ஒரு புதுத் துணியாகப் பாவித்து அதன்மேல் மாதிரியை விரித்து வெட்டுவதே நல்லது. அப்படி வெட்டியதும் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். கத்தரி குறுக்கே வெட்டிய ஒவ்வொரு தையலும் நுனியிலிருந்து பிரியக் காத்திருக்கும்.

மூலைகளில் கட்டி நிற்கிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது

இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், ஏனென்றால் கட்டியின் மேல் ஏறும்போதுதான் ஊசி தடுமாறுகிறது. நான்கு துண்டுகள் கூடும் இடத்தில் எதிரெதிர்த் தையல்களை எதிர்த்திசையில் மடக்கி இஸ்திரி போட வேண்டும். ஜீன்ஸ் இருந்தால் மடக்காமல் விரித்துப் போட வேண்டும். ஜீன்ஸில் இருக்கும் பழைய இரட்டைத் தையலை அழகென்று விட்டுவைத்தால் அதை நடுவில் விட வேண்டுமே தவிர, மூலையில் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது. பனியன் துணியில் மட்டும் தையல் விடுகிறது என்றால் உருண்டை முனை ஊசி தேவை. ஜரிகையில் தைத்துவிட்டு வந்த ஊசி முனை மழுங்கியிருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இஸ்திரியில் பளபளப்பு, சுருக்கம், கருகல்

ஆடையில் இருப்பவற்றில் எது குறைந்த சூட்டைத் தாங்குமோ அதுதான் முழு ஆடைக்கும் வரம்பு. இஸ்திரிப் பெட்டியில் மூன்று புள்ளி அடையாளம் 200 டிகிரி செல்சியஸ் வரை, பருத்திக்கு. இரண்டு புள்ளி 150 டிகிரி, பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும். ஒற்றைப் புள்ளி 110 டிகிரி, நைலானுக்கு. இன்றைய மலிவான ஜரிகைகளில் பெரும்பகுதி உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழை என்பதால், பருத்திப் புடவைக் கரையில் கூட சூடு பட்டால் சுருண்டுவிடும். துணி என்னவென்று தெரியாதபோது நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் எரித்துப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிமணியாகும். பாலியெஸ்டர் உருகி, நசுங்காத கடினமான மணியாக உறையும்.

தையலில் குறை இல்லை, ஆனாலும் கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட தோற்றம் வருகிறது

எதுவுமே பிரியவில்லை, சுருங்கவில்லை; ஆனால் போட்டுக்கொண்டு வெளியே போக மனம் வரவில்லை. இந்தக் கோளாறைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆடையை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

ஆடையைச் சுவரில் மாட்டி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து தெரிந்தால், நிறங்கள் பல இருந்தும் வெளிர், அடர் என்ற வேறுபாடு இல்லை என்று பொருள். மிக அடர்ந்த ஒரு துணியை இரண்டு மூன்று இடங்களில் நுழைத்தால் உருவம் பிடிக்கும். மாறாக, எங்கு பார்த்தாலும் வெள்ளையும் கறுப்பும் மோதினால், நடுத்தரமான துணி ஒன்றுக்குப் பாதிப் பரப்பைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வரும் நிறம் எப்போதும் தற்செயலாகவே தெரியும். அதே துணி கையிலோ கழுத்துப் பட்டியிலோ மறுபடி வந்தால் அது வேண்டுமென்றே வைத்ததாகிவிடும்.

துண்டுகள் எல்லாம் ஒரே அளவுச் சதுரமாக இருந்தால் படுக்கை விரிப்பின் சாயல் வரும். பெரிதும் சிறிதுமாக, உடம்பின் போக்கில் நீளவாக்காக அமைத்தால் அது ஆடையாகத் தெரியும். கழுத்து, பட்டன் பட்டி, கை விளிம்பு ஆகிய மூன்றையும் ஒரே துணியில் முடிப்பதை நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை; உள்ளே எவ்வளவு கலவரம் இருந்தாலும் விளிம்பு அமைதியாக இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று, காஞ்சிபுரத்துக் கரையைச் சதுரம் சதுரமாக வெட்ட வேண்டாம். நெசவாளர் நீளமாக ஓடவிட்டதை நீளமாகவே ஓடவிட்டு, தோளிலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் பயன்படுத்தினால், மற்ற துண்டுகள் எல்லாம் அதற்குப் பக்கவாட்டில் தாமே ஒழுங்குபட்டுவிடும். பெரிய மயிலோ அன்னமோ உள்ள புட்டாவை மார்பின் முனையில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

ஓரிரு ஆண்டில் ஒரு துண்டு மட்டும் கிழிகிறது

இதற்காக ஆடையைப் பிரிக்க வேண்டியதில்லை. கிழிந்த துண்டை அகற்றாமல், அதைவிட எல்லாப் பக்கமும் கால் அங்குலம் பெரிதாக ஒரு புதுத் துண்டை வெட்டி, விளிம்புகளை உள்ளே மடக்கி இஸ்திரி போட்டு, பழைய தையல் கோடுகளின் மேலேயே சரியாகப் பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத சிறு எம்மிங் தையலால் கையில் தைத்துவிடலாம். கிழிந்த துண்டு அடித்துணியாக உள்ளேயே இருந்து புதியதைத் தாங்கும். இதற்குத் தோதாக, ஆடை தைத்து முடிந்ததும் மிஞ்சிய துணிகளில் ஒரு சாண் அளவுள்ள துண்டுகளை ஒரு பையில் போட்டு, ஆடையைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றையும் சேர்த்துத் துவைத்து வெயிலில் காட்டிவந்தால், தேவைப்படும் நாளில் நிறமும் சுருக்கமும் ஆடையோடு ஒத்திருக்கும். பட்டுத் துண்டுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தனியாக அலசி, வெயில் படாமல் நிழலில் உலர்த்த வேண்டும்.